முதல் கேன்

நவம்பர் 24, திங்கள்

கம்பியின் நுனியில் தடவியிருந்த பேஸ்ட் சிவந்திருந்தது.

பங்க் திறந்ததும் என் முதல் வேலை இதுதான். நீளமான பித்தளைக் கம்பியின் அடியில் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவி, தரையிலுள்ள மூடியைத் திறந்து, டீசல் தொட்டிக்குள் இறக்கி எடுக்க வேண்டும். ஈரம் ஏறியிருக்கும் இடத்தை வைத்து எவ்வளவு டீசல் இருக்கிறது என்று தெரியும். அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் பேஸ்ட் சிவப்பாகும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது சிவந்து நான் பார்த்ததில்லை. இன்று நகத்தளவு சிவந்திருந்தது.

மேனேஜர் வரதராஜன் சார் கண்ணாடி அறையில் இன்றைய விலையை மாற்றிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா. மழை பெய்யுதுல்ல."

இன்னொரு முறை சொன்னேன். "மூடி வழியா மழைத்தண்ணி கொஞ்சம் எறங்கியிருக்கும். கம்பியைத் தொடச்சு வை" என்றார்.

இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். ஏதோ ஆயில் கம்பெனிக்காரர்கள் கொடுத்து, மேசையில் தூசி படிந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பத்தாவதோட நின்னுட்டேல்ல, எழுதுற கை மறந்துடும், எடுத்துக்கோ" என்றார். வருடமே முடியப்போகிறது. பக்கமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். ஒரு படகும் போகவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மழை. அம்மா விற்க வைத்திருந்த கருவாட்டில் பூஞ்சை. இரண்டு கூடையைக் குப்பையில் கொட்டினோம். பேஸ்ட் நேற்று மாதிரியே.

நவம்பர் 27, வியாழன்

சாலையில் தண்ணீர் நிற்பதால் டேங்கர் லாரி வரவில்லை. தொட்டியில் டீசல் குறைந்துவிட்டதால் கேன்களுக்கு ஊற்ற வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். கரன்ட் இல்லை. ஐஸ் கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாததால் ஐஸ் இல்லை. மினி பஸ் நின்றுவிட்டது. அம்மாவின் மீன் கூடையை ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோவும் நின்றுவிட்டது. எங்கள் ஊர் கடலை நம்பியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். கடலுக்குப் போவதற்கே இந்தத் தொட்டியைத்தான் நம்பியிருக்கிறது. நின்ற பிறகுதான் இது தெரிகிறது.

இன்று பேஸ்ட் ஒரு விரல் நீளம் சிவந்திருந்தது. கம்பியையே எடுத்துப் போய்க் காட்டினேன். சார் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பம்ப்போட குழாய் அடியிலேர்ந்து ஒரு சாண் மேல இருக்கு. தண்ணி கனம், அடியிலயே கெடக்கும். அது மேல உள்ள டீசலைத்தான் இழுக்கும். எறைக்கணும்னா ஒரு நாள் முழுக்க மூடணும். கூண்டு எறங்கட்டும், வியாபாரம் பார்த்துட்டு ஆளைக் கூப்பிடுறேன்."

பிறகு தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லியை எனக்கும் மேகலா அக்காவுக்கும் கொடுத்தார். மேகலா அக்கா முதல் பம்ப், நான் இரண்டாவது.

சாயங்காலம் என்ஜின் மெக்கானிக் வந்தார். பெயர் இளவழகன். ஊரில் எல்லோரும் அழகு என்பார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தருமலிங்கம் சித்தப்பாவின் படகு என்ஜினை முழுவதும் பிரித்துப் போட்டிருக்கிறாராம். பாகங்களைக் கழுவ ஒரு மக்கு டீசல் வேண்டும் என்றார். மக்கின் விளிம்பு வரை பிடித்துக் கொடுத்தேன்.

"ஒரு சொட்டு சிந்தாம ஊத்துற. எங்கிட்ட வேலை பார்க்கிற பயலுவ பாதியைத் தரைக்குத்தான் ஊத்துவானுங்க" என்றார்.

நான் குழாயைத் திரும்ப மாட்டினேன்.

நவம்பர் 29, சனி

கூண்டு இறங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து பங்க் வாசலில் கேன்கள் வரிசை. சங்கத்தின் மானிய டீசல் இன்னும் வரவில்லை. எல்லோரும் எங்களிடம்தான் வந்தார்கள். ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கேன்களை வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். நீலம், வெள்ளை, மஞ்சள்.

மத்தியானம் டேங்கர் வந்தது. குழாய் மாட்டி இறக்கும்போது டிரைவர் என் பக்கத்தில் நின்றார். நாமக்கல் பக்கத்து ஆள்.

"வர்ற வழியில வயலுக்கு நடுவுல நெருப்பு எரியுதே, அது என்னான்னு தெரியுமா?"

"எண்ணெய்க் கெணறு."

"ஆங். உங்க காலுக்குக் கீழ இருக்கிறதைத் தோண்டி எடுத்து, எங்கயோ கொண்டுபோயி காய்ச்சி, வரி போட்டு, திரும்ப உங்களுக்கே விக்கிறோம். நடுவுல எனக்கு முதுகு வலி."

மேகலா அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

லாரி இறக்கி முடித்த பிறகு அரை மணி நேரம் யாருக்கும் ஊற்றக் கூடாது. மேலிருந்து விழும் வேகத்தில் தொட்டி கலங்கிப்போகும். அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும். தெளிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாசலில் சத்தம் அதிகமாகிவிட்டது. சார் முதலாளியோடு போனில் பேசிக்கொண்டே வெளியே வந்து, வரிசையைப் பார்த்துவிட்டு, "அடிங்க" என்றார்.

"இன்னும் தெளியலையே சார்" என்றார் மேகலா அக்கா.

"அவங்க அஞ்சு நாளா அடுப்பு எரியாம நிக்கிறாங்க. உனக்குத் தெளியணுமா? அடிம்மா."

முதலில் நின்றது தருமலிங்கம் சித்தப்பாவின் நீலக் கேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தச் சித்தப்பா இல்லை, ஆனால் அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக் கூரையை வருடா வருடம் அவர்தான் மாற்றுவார்.

"பாப்பா, ஜீரோ பாருங்கன்னு சொல்லணும்ல?"

"சொன்னேன் சித்தப்பா."

"எப்ப சொன்ன? உன் சத்தம் பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல. உன்னையெல்லாம் படகுல ஏத்துனா, மீனு தூக்கத்துலயே வந்து வலையில விழுந்துடும். ஒண்ணும் முழிச்சுக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு இரண்டு கேன் டீசல் ஊற்றப்பட்டது. அடுத்ததாக ஐஸ் வண்டிக்கு ஊற்றப்பட்டது. உடனே கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைக் கிளப்ப முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் தொட்டியும் தெளிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

இருட்டும் வரை நின்றதில் கால் வீங்கியிருக்கிறது. கையில் டீசல் வாடை சோப்புப் போட்டும் போகவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

விடியும் முன்பே எல்லாப் படகும் போய்விட்டன. அம்மா கூடையைக் கழுவிக் காய வைத்தாள்.

பதினொரு மணி இருக்கும், ஐஸ் வண்டிக்காரர் நடந்து வந்தார். வண்டி பாலத்து ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிட்டதாம். ஃபில்டரைக் கழற்றினால் பாதிக்குமேல் தண்ணீராம். "நீங்க விக்கிறது டீசலா, குழாய்த் தண்ணியா?" என்று கத்தினார். சார் அவர் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். டீ வந்தது. வெளியே வரும்போது அவர் கத்தவில்லை.

மத்தியானமே ஆட்கள் வந்து தொட்டியின் அடியை இறைத்தார்கள். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் வந்தது, பால் மாதிரி கலங்கி. நான் அவற்றைத் தூக்கிப் பின்பக்கம் ஊற்றினேன்.

மேகலா அக்காவிடம் கேட்டேன். "அக்கா, ஐஸ் வண்டிக்கு முன்னாடி ஊத்துனது?"

"அவங்க படகு டேங்குல பழைய டீசல் இருக்கும். அதோட கலந்துடும். நீ சும்மா இரு."

என்ஜினைப் பிரித்தால் டேங்கைக் கழுவிக் காய வைப்பார்கள். பழைய டீசல் இருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

எல்லாப் படகும் வந்துவிட்டன. சித்தப்பாவின் படகு மட்டும் வரவில்லை. அவரோடு செல்வமும் குமரகுருவும் போயிருக்கிறார்கள். "நல்லா மீன் பட்டிருக்கும், அதான் தங்கிட்டாங்க" என்று கரையில் பேசிக்கொண்டார்கள். சித்தப்பாவின் மனைவி வசந்தா சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்சம் புளி வாங்கிப் போனார்.

டிசம்பர் 2, செவ்வாய்

வரவில்லை. பேஸ்ட் மஞ்சளாகவே இருந்தது.

டிசம்பர் 3, புதன்

பத்துப் படகுகள் தேடப் போயின. தேடுவதற்கும் டீசல் வேண்டும். சார் யாரிடமும் பணம் வாங்கவில்லை. கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து அவரே பம்ப்பைப் பிடித்து ஊற்றினார். "நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போனார்கள். இரண்டு கேன் நிரம்பி வழிந்த பிறகுதான் நிறுத்தினார். நான் மணல் போட்டுத் தேய்த்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

காரைக்கால் விசைப்படகுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பாவின் ஃபைபர் படகு கவிழ்ந்து மிதந்திருக்கிறது. செல்வமும் குமரகுருவும் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

சித்தப்பா இல்லை.

டிசம்பர் 6, சனி

உடம்பு கிடைக்கவில்லை. அவருடைய சட்டையையும் லுங்கியையும் வைத்துச் சடங்கு செய்தார்கள். நான் பாத்திரம் கழுவினேன். தண்ணீர் எடுத்து வந்தேன். கூட்டத்தில் ஒரு வேலை கையில் இருந்தால் யாரும் நம்மிடம் பேசமாட்டார்கள்.

செல்வம் பெஞ்சில் படுத்துக்கொண்டே சொன்னார். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு என்ஜின் இருமியதாம். நின்றதாம். சித்தப்பா இழுத்துக் கிளப்பியிருக்கிறார். திரும்பவும் இருமி நின்றதாம். அப்புறம் கிளம்பவே இல்லை. காற்று மாறி, படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிட்டதாம். என்ஜின் ஓடியிருந்தால் நேராக்கியிருக்கலாம்.

"போன வாரம்தான அழகு பிரிச்சு மாட்டுனான்?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார். "நல்லா மாட்டித்தான் குடுத்தேன். கரையில அரை மணி நேரம் ஓட்டிக் காமிச்சேன்" என்றார். கவிழ்ந்து கிடந்த படகின் டேங்கு முழுவதும் கடல் தண்ணீர். என்ஜின் ஏன் நின்றது என்று பார்க்க வழியில்லை. சித்தியின் தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பட்டன் தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

அவர் பங்க்குக்கு வந்தார். கையில் மக்கு இல்லை. பைக்கும் இல்லை. மேகலா அக்கா சாப்பிடப் போயிருந்தார்.

"தருமலிங்கண்ணன் கேனுக்கு ஊத்துனப்ப டீசல்ல தண்ணி இருந்துச்சா?"

நான் பம்ப்பில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் ஓடவில்லை.

"ஐஸ் வண்டி பாலத்துல நின்னதைக் கேள்விப்பட்டேன். வண்டிக்காரரைப் போயிக் கேட்டா, அப்படி ஒண்ணுமே நடக்கலங்கிறாரு. அதான் உன்னைக் கேக்கிறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி" என்றார். "வெயில்ல நிக்காத. நிழலுக்குப் போ."

திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 8, திங்கள்

29ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். "ஊற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். அது தானாக ஊற்றிக்கொள்ளாது. இரண்டாவது பம்ப்பில் நின்றது நான். நீலக் கேனின் மூடியைத் திறந்தது நான். காலையில் பேஸ்ட் சிவந்ததைப் பார்த்தவளும் நான்தான். அரை மணி நேரம் ஆகவில்லை என்று தெரிந்துதான் பிடித்தேன். மேகலா அக்காவாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். நான் சித்தப்பாவின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டு ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவதாரணி, அன்னைக்கு நீ சொன்ன. நான்தான் கேக்கல. இல்லேன்னு சொல்லமாட்டேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆனா இது வெளிய போச்சுன்னா பங்க்குக்கு சீல் வச்சிடுவாங்க. முதலாளி தப்பிச்சுக்குவாரு. கேஸு எம்மேல வரும், அடுத்தது ஊத்துன உம்மேல வரும். என் பொண்ணுக்கு உன் வயசு. மேகலாவுக்கு ரெண்டு புள்ளைங்க. உங்க அம்மா மீனு விக்கிற காசுல என்ன கெடைக்கும்? போனவரு போயிட்டாரு. அழகுக்கு என்ன, கைத்தொழில் தெரிஞ்சவன், எந்த ஊருக்குப் போனாலும் பொழைச்சுக்குவான்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவரை வெறுக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

டிசம்பர் 10, புதன்

வசந்தா சித்தி வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார். ஆடை படிந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமை ஊர்க்கூட்டம். அந்தப் பயலை ஊர்ல விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அவன் மூஞ்சியைத் தெருவுல பார்த்தா எனக்கு வயிறு எரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னைப் பத்தி உங்க சித்தப்பா அன்னைக்கு ராத்திரி சொல்லிச் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பாப்பா சத்தத்துக்கு மீனு கூட முழிக்காதுன்னு" என்றார்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"யார்ட்ட சொன்ன?"

"உன்கிட்டதான்."

"என்னோட நிக்கட்டும்." அடுத்த மீனை எடுத்தாள். "வசந்தாவுக்குத் தெரிஞ்சா பக்கத்து வூட்டுல நாம எப்படிடி குடியிருக்கிறது? ஊரு நம்ம கூடைய யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னா எங்க போவோம்?"

செதில் முழுவதும் எடுத்த மீனையே திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அந்த மெக்கானிக் புள்ளைக்கு அம்மா மட்டும்தான, கண்ணு தெரியாதவங்க?"

"ஆமாம்."

அம்மா சுரண்டுவதை நிறுத்தினாள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் விலை முப்பது காசு ஏறியது. எங்கோ ஒரு நாட்டில் சண்டையாம். கப்பல்கள் சுற்றி வருகின்றனவாம். சார் போர்டில் எண்ணை மாற்றினார். அங்கே யாரோ எதையோ செய்தால் இங்கே ஒரு கேனுக்கு எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடுகிறது. இங்கே நடந்தது எதிலும் தெரியவில்லை. போர்டில் அதே வெளிச்சம், அதே வரிசை. எல்லோருக்கும் "ஜீரோ பாருங்க" என்று சொன்னேன். சிலர் பார்த்தார்கள்.

டிசம்பர் 13, சனி

வேலை முடிந்து அவர் கொட்டகை வழியாக வந்தேன். ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா வாசலில் உட்கார்ந்து, "நாளைக்குக் கூட்டம் முடிஞ்ச உடனேயே கெளம்பணுமாடா? பொழுது விடிஞ்சு போகலாமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முடிச்சுப் போடுவதைத் தொடர்ந்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

கூட்டம் சாயங்காலம் வலைக்கூடத்தில் நடந்தது. சாதாரண நாட்களில் வலை பின்னும் இடம். ஆண்கள் உள்ளே வட்டமாக உட்கார்வார்கள். பெண்கள் வெளியே மணலில். பெண்கள் உள்ளே போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. போனதில்லை, அவ்வளவுதான்.

வட்டத்தின் நடுவில் அவர் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். செல்வம் அன்று பந்தலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். சித்தியின் தம்பி பேசினார். "என்ஜின்ல கை வச்சவன் எவனோ, அவன்தான் பதில் சொல்லணும்" என்றார். பலர் ஆமாம் என்றார்கள். பஞ்சாயத்தார் நடுவில் நின்றவரிடம் கேட்டார்கள். "நல்லாத்தான் மாட்டுனேன்" என்றார். டீசலைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசினால் இரண்டாவது பம்ப்பில் யார் நின்றது என்று அடுத்த கேள்வி வரும். அது அவருக்குத் தெரியும்.

தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பஞ்சாயத்தார் எழுந்து, "இந்தக் குத்தத்துல வேற யாருக்காவது பங்கு இருக்கா? இருந்தா வந்து கூட நில்லுங்க" என்று மூன்று முறை கேட்பார். வெறும் வழக்கம்தான். எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது பாதிப் பேர் வேட்டியை உதறிக் கட்டி எழுந்திருப்பார்கள். யாரும் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

முதல் முறை கேட்டார். வரதராஜன் சார் ரோட்டோரமாகப் பைக்கில் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கவில்லை.

இரண்டாம் முறை கேட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வசந்தா சித்தி எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய கழுத்து வெறுமையாக இருந்தது.

மூன்றாம் முறை கேட்பதற்குப் பெரிய பஞ்சாயத்தார் வாயைத் திறந்தபோது அம்மா என் கையை விட்டாள். தானாக விட்டாளா, நான் இழுத்ததில் விட்டதா, தெரியவில்லை.

எழுந்தேன். சித்தியைச் சுற்றிக்கொண்டு போனேன். கூடத்தின் படியில் செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்திருந்த ஆண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். நடுவில் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.